வெள்ளத்துக்குப் பிறகு பிபிஎஸ் (தற்காலிக நிவாரண மண்டபம்) மூடினால், வாடகைக்கு இருந்தவர்கள் எங்கே போவது?

கயல், செகாம்புட்:

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். வெள்ள நிவாரண மண்டபத்தை மூடிய பிறகு, திரும்பிப் போக வீடில்லாத வாடகைக் குடும்பத்துக்கு அரசாங்கத்தில் யார் பொறுப்பு?

கோலாலம்பூர் செகாம்புட்டில் ஒரு பழைய பலகை வீட்டின் பின்பகுதியில் இருந்தோம். முன்பகுதியில் நாத்தனார் குடும்பம். வீட்டு எண் ஒன்று, மீட்டர் ஒன்று, ஆனால் அடுப்பு இரண்டு. வாடகை ஒப்பந்தம் நாத்தனார் கணவர் பெயரில் இருக்கிறது, முத்திரை எதுவும் போடவில்லை. போன வார மழையில் பின்னால் இருக்கும் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) பொங்கி இடுப்பளவு தண்ணீர் வந்துவிட்டது. தரைப்பலகை ஊறி வளைந்துவிட்டது. பின்சுவர் லோங்காங் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. வீட்டுக்காரர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், இனி இதில் யாரையும் வைக்க முடியாது, பிரித்துப் போடப் போகிறேன் என்றார். டெபாசிட்டைக் கேட்டால் “பிறகு பேசலாம்மா” என்று மோட்டாரில் ஏறிவிட்டார்.

இப்போது பக்கத்துப் பள்ளி மண்டபத்தில் இருக்கிறோம். வரிசை வரிசையாக நீலக் கூடாரம். சாப்பாட்டுக்குக் குறையில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் வந்த அன்றே குடும்பத் தலைவர் என்று நாத்தனார் கணவர் பெயரை எழுதி, என்னையும் மாமியாரையும் என் இரண்டு பிள்ளைகளையும் அவருக்குக் கீழே போட்டுவிட்டார்கள். என் கணவர் ஜோகூரில் வேலை செய்கிறார். என் ஐசியில் (அடையாள அட்டையில்) இன்னும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் முகவரிதான். தண்ணீர் வடிந்துவிட்டது, பள்ளி திறக்க வேண்டும், அதனால் இரண்டொரு நாளில் மண்டபத்தை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. எல்லோரும் வீடு கழுவப் போகிறார்கள். கழுவ எங்களுக்கு எது வீடு?

பாண்டியன், பத்து:

எம்பி ஆபீசுக்குப் போங்க அக்கா. அப்படியே டிக்டாக்கில் ஒரு வீடியோ போட்டுவிடுங்க. வைரலானால்தான் இந்த ஊரில் வேலை நடக்கும்.

மணியம், ஸ்ரீ மூடா:

பாண்டியன் தம்பி, வீடியோ போட்டால் அரிசி மூட்டை வரும், வீடு வராது. கயல் தங்கச்சி, நான் எழுதுவது நீளமாகப் போகும். அதனால் செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜேகேஎம் (சமூக நலத் துறை) ஆட்கள் மண்டபத்துப் பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே போய், உங்களைத் தனிக் குடும்பமாகப் பதியச் சொல்லுங்கள். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் நனைந்து போயிருந்தால் போனில் இருக்கும் படமாவது காட்டுங்கள். தனி அடுப்பு, தனி வருமானம் என்று அழுத்திச் சொல்லுங்கள். கணவர் ஊரில் இல்லாததால் தலைவராக உங்கள் பெயரையே போடச் சொல்லுங்கள். மண்டபம் மூடும் அன்று அந்த மேசையையும் மடக்கி லாரியில் ஏற்றிவிடுவார்கள். அதற்கப்புறம் “நானும் அங்கேதான் படுத்திருந்தேன்” என்று நிரூபிக்க நீங்கள் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்க வேண்டும்.

நம் நாட்டில் வெள்ள உதவி எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்துதான் கிளம்புகிறது. மண்டபம், சாப்பாடு, பதிவு எல்லாம் ஜேகேஎம் பொறுப்பு. பணம் 2015இல் பிரதமர் துறையின் கீழ் அமைத்த தேசியப் பேரிடர் நிர்வாக அமைப்பான நட்மாவிடமிருந்து வருகிறது. வாங் இஹ்சான் (கருணைத் தொகை) என்று கொடுக்கிற 1,000 வெள்ளி (ரிங்கிட்) குடும்பத் தலைவர் கணக்கில் விழும், தலைக்கு இவ்வளவு என்று இல்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு குடும்பத்தை ஒன்றாக எழுதினால் இரண்டுக்கும் சேர்த்து அந்த 1,000தான். நாத்தனாருக்கும் அண்ணிக்கும் சண்டை மூட்ட இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை எந்த மாமியாராலும் யோசித்திருக்க முடியாது.

நான் 2021 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவன். 18ஆம் தேதி, சனிக்கிழமை. சிலாங்கூரில் இருக்கும் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், நாங்கள் மாடியில். கூரைமேல் உட்கார்ந்திருந்த குடும்பங்களைத் தனியார் படகுக்காரர்கள்தான் முதலில் வந்து இறக்கினார்கள். தண்ணீர் இறங்கியதும் தெரு இரண்டு பக்கமும் சோபா, மெத்தை, ஐஸ்பெட்டி, கல்யாண ஆல்பம், எல்லாம் ஒரே சேற்று நிறத்தில் மலையாகக் கிடந்தன. அந்த ஆண்டு வெள்ளத்தால் நாடு முழுவதும் 610 கோடி வெள்ளி நஷ்டம் என்று புள்ளிவிவரத் துறை பிறகு கணக்குச் சொன்னது. அதில் குடியிருப்புகள் மட்டும் 160 கோடி.

உதவி வரவில்லை என்று சொல்ல மாட்டேன், வந்தது. மத்திய அரசு 1,000, சிலாங்கூர் அரசின் பங்கிட் உதவி 1,000, மின்சாரச் சாமான் வாங்க 500 வெள்ளித் தள்ளுபடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்ணப்பப் பாரம், ஒரு வரிசை. அதோடு சேதமான வீட்டைப் பழுதுபார்க்க 15,000 வரை, அடியோடு போன வீட்டைப் புதிதாகக் கட்ட 56,000 வரை என்று அறிவித்தார்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. பழுதுபார்ப்பது, கட்டுவது இரண்டும் வீட்டுச் சொந்தக்காரனுக்கான வார்த்தைகள். என் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவர் லாரி ஓட்டுநர், மூன்று பிள்ளைகள். அவருக்கு அந்த 1,000களும் தள்ளுபடியும் கிடைத்தன. சுவருக்குச் சாயம் அடித்து முடித்ததும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். ஓட்டுநர் நான்கு கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு கிள்ளானில் மச்சான் வீட்டுக்குப் போனார். அரசாங்கக் கணக்கில் அந்த வீடு “சரியாகிவிட்ட வீடு”. அவர் வீடிழந்தவர் என்று எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். 1993 டிசம்பரில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிந்து 48 பேர் செத்த பிறகுதான் பேரிடரில் யார் எதைச் செய்வது என்று தேசியப் பாதுகாப்பு மன்றம் 20ஆம் எண் ஆணையை 1997இல் எழுதி வைத்தது. அன்றிலிருந்தே மீட்பவன் யார், மண்டபம் திறப்பவன் யார், சோறு போடுபவன் யார் என்பதில் குழப்பமில்லை. உங்களுக்கு அடுத்த வாடகை வீடு யார் பார்த்துக் கொடுப்பது என்று கேளுங்கள், ஜேகேஎம் டிபிகேஎல்லை (கோலாலம்பூர் மாநகர மன்றத்தை) காட்டும், டிபிகேஎல் விண்ணப்பப் பாரத்தைக் காட்டும்.

கிளந்தானில் 2014 வெள்ளத்துக்குப் பிறகு அரசாங்கம் நிரந்தர வீடுகளே கட்டிக் கொடுத்தது. கட்டுவதற்குப் பணம் மத்திய அரசுடையது, ஆனால் நிலம் என்பது மாநில விவகாரம். சொந்த நிலம் வைத்திருந்தவன் வீட்டைத் தன் இடத்திலேயே கட்டிக்கொண்டான். ஆற்றோரத்தில் பட்டா இல்லாமல் இருந்தவன் முதலில் நிலத்துக்குக் காத்திருந்தான், பிறகு வீட்டுக்குக் காத்திருந்தான். அவன் கூடாரத்தில் இருந்த காலத்தை யார் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள்?

கோலாலம்பூரில் அந்த நிலச் சிக்கல் கிடையாது, அது எந்த மாநிலத்தின் கீழும் வராத கூட்டரசுப் பிரதேசம். பிபிஆர் என்கிற மலிவு வாடகை அடுக்குமாடி வீடுகள் டிபிகேஎல் கையில்தான் இருக்கின்றன, மாத வாடகை 124 வெள்ளி. காலியாக ஒரு யூனிட் இருந்தால் தற்காலிகமாகக் கொடுக்க முடியும். ஆனால் கேட்கும்போது ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள்: எவ்வளவு காலத்துக்கு, அதற்குப் பிறகு எங்கே. ஜிஞ்சாங் உத்தாராவில் புறம்போக்கு வாசிகளைத் தொண்ணூறுகளில் நீள வீடுகளில் வைத்தார்கள், பிளாட் கிடைக்கும் வரைக்கும் என்றுதான் சொன்னார்கள். இருபது வருடம் தாண்டியும் அதே பலகைச் சுவருக்குள் அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். தற்காலிகம் என்று வாயால் சொன்னால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

சாந்தி, பினாங்கு:

கயல், நான் வக்கீல் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். மணியம் அண்ணன் வீட்டைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் டெபாசிட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால் அடுத்த வீடு பிடிக்க உங்கள் கையில் இருக்கப்போகிற முதல் பணம் அதுதான், அது அரசாங்கப் பணமும் இல்லை.

நம் நாட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை, வரும் வரும் என்று பல வருடமாகப் பேசுகிறார்கள். அதனால் ஒப்பந்தத் தாள்தான் உங்கள் ஆயுதம். முத்திரை போடாவிட்டாலும் பரவாயில்லை, தாமதக் கட்டணம் கட்டி வருமானவரி வாரியத்தில் இப்போதும் போடலாம். முத்திரை இல்லாமல் அந்தத் தாளைக் கோர்ட்டில் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அதற்காகத்தான் சொல்கிறேன். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட தொகை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டின் சிறு வழக்குப் பிரிவில் வக்கீல் இல்லாமலே போடலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்கும் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்துக்கும் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம், இது அவர்கள் வேலை இல்லை. ஒப்பந்தம் நாத்தனார் கணவர் பெயரில் இருப்பதால் வழக்கும் அவர் பெயரில்தான் போட முடியும். மாதா மாதம் உங்கள் பங்கைக் கொடுத்ததற்கு வங்கி ரசீதோ வாட்ஸ்அப்போ இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

வீட்டுக்காரர் பிரித்துப் போடுவதற்கு முன் போய்ப் படம் எடுத்துவிடுங்கள். தண்ணீர் நின்ற கோடு சுவரில் பழுப்பாகத் தெரியும். வீட்டு எண்ணும் அந்தக் கோடும் ஒரே படத்தில் வரவேண்டும். 2017 நவம்பர் 4ஆம் தேதி ராத்திரி எங்கள் பினாங்கில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்து ஏழு பேர் செத்தார்கள், ஞாபகம் இருக்கும். மாநில அரசு குடும்பத்துக்கு 700 வெள்ளி கொடுத்தது. எங்கள் பகுதியில் சுத்தமான ஆட்கள் மறுநாளே சுவரைப் பளபளவென்று கழுவிவிட்டார்கள். சரிபார்க்க வந்தவர் இங்கே தண்ணீர் வந்ததா என்று கேட்டுவிட்டுப் போனார். சோம்பேறிகளுக்குச் சிக்கலே வரவில்லை.

ஐசி, பிறப்புப் பத்திரம் போயிருந்தால் தேசியப் பதிவுத் துறையில் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் மாற்றித் தருவார்கள். பிள்ளைகளின் பாடநூலைப் பள்ளியிலேயே கேளுங்கள்.

இஸ்மாயில், மஸ்ஜித் இந்தியா:

அக்கா, எனக்கு இந்த நாட்டுப் பாரம் எதுவும் தெரியாது. நான் நாகப்பட்டினத்துக்காரன், இங்கே துணிக்கடையில் வேலை. 2004 சுனாமிக்குப் பிறகு தார் ஷீட் கொட்டகையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றிரண்டு சொல்கிறேன்.

எங்களைக் கொட்டகையில் வைத்தபோது சில மாதம் என்றுதான் நினைத்தோம். கறுப்பு ஷீட், மேலே வெயில். மதியம் பன்னிரண்டு மணிக்கு உள்ளே இருக்க முடியாது, தொட்டால் கை சுடும், தார் வாசம் சோற்றில்கூட இருக்கும். பெண்கள் பக்கத்தில் இருந்த வேப்பமரத்தடியில் பாய் போட்டுத்தான் பிள்ளைகளைத் தூங்க வைத்தார்கள். நிரந்தர வீடு வர ரொம்ப நாள் ஆனது, வருடக் கணக்கில் ஆனது. ஆனால் அந்த வீட்டில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். 2005இல் தமிழ்நாடு அரசு போட்ட ஆணைப்படி பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் கொடுக்கப்பட்டது. எங்கள் தெருவில் குடித்துவிட்டு வீட்டை விற்கப் பார்த்தவர்கள் இருந்தார்கள், மனைவி கையெழுத்து வேண்டும் என்றதும் அடங்கிவிட்டார்கள். வீடு சின்னதுதான், 325 சதுர அடி என்று கணக்கு.

மணியம் ஐயா பட்டியலைப் பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. எங்கள் பக்கம் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துதான் பல இடத்தில் பட்டியல் கொடுத்தது. படகு வைத்திருந்தவன் பெயர் முதலில் இருந்தது. மீன் விற்ற விதவை, கரையில் கூலிக்கு வலை இழுத்தவன், பக்கத்துச் சேரிக்காரன், இவர்களெல்லாம் பிறகு கேட்டுக் கேட்டு ஏற வேண்டியிருந்தது. ஏறாமல் போனவர்களும் உண்டு. மேசையில் உட்கார்ந்திருப்பவர் கெட்டவர் இல்லை அக்கா. அவருக்கு முன்னால் நின்று பேசுகிறவன் பெயர்தான் எழுதப்படும்.

பாண்டியன், பத்து:

சரி சரி, வீடியோ வேண்டாம். ஆனா ஒரு கேள்வி. இன்சூரன்ஸ் இருந்தா இந்த அலைச்சலே இல்லையே, வாடகைக்கு இருக்கிறவங்க எடுக்க முடியுமா?

மணியம், ஸ்ரீ மூடா:

முடியும் தம்பி, யாரும் எடுப்பதில்லை. சாதாரணத் தீக்காப்புறுதியில் வெள்ளம் சேராது, தனியாகச் சேர்க்க வேண்டும். ஹவுஸ்ஓனர் பாலிசி சுவரையும் கூரையும் பார்க்கும், அது சொந்தக்காரருக்கு. ஹவுஸ்ஹோல்டர் பாலிசி உள்ளே இருக்கும் சாமானைப் பார்க்கும், அதை வாடகைக்காரரும் எடுக்கலாம், வெள்ளமும் அதில் அடங்கும். ஆனால் லோங்காங் ஓரப் பலகை வீட்டுக்கு எந்த நிறுவனம் சிரித்த முகத்தோடு பாலிசி எழுதும் என்று நீயே சொல். வீட்டுக் கடனோடு எடுக்கிற எம்ஆர்டிஏ காப்புறுதி இருக்கிறதே என்று இங்கே பாதிப் பேர் நிம்மதியாக இருந்தார்கள். அது ஆள் செத்தால் கடனைக் கட்டும், ஐஸ்பெட்டி செத்தால் கட்டாது.

கயல், செகாம்புட்:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மண்டபம் மூடுவதற்கு முந்தின ராத்திரி மேசைக்குப் போனேன். முதலில் “ஒரே முகவரி, ஒரே குடும்பம்” என்றார் அந்தப் பெண். திருமணச் சான்றிதழ் படத்தைக் காட்டினேன். இரண்டு அடுப்பு என்றேன், சிரித்தார். பிறகு மாமியார் தானே எழுந்து வந்து, ஐசியை மேசைமேல் வைத்து, “நான் இவ மாமியார், இவதான் எனக்குச் சோறு போடுறா, அந்த வீட்டுல இல்ல” என்று மலாயில் சொன்னார். பாவம் நாத்தனார், பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். எங்களைத் தனிக் குடும்பமாக எழுதிவிட்டார்கள், என் பெயர் தலைவராக. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளவும் விட்டார். ஐசி முகவரி வேறு என்பதற்கு, பிள்ளைகள் இதே வட்டாரப் பள்ளியில் படிக்கிறார்கள் என்ற கடிதம் போதும் என்றார்.

வீட்டு விஷயத்தில் அவ்வளவு சுலபமாக இல்லை. பிபிஆர் கேட்டேன். விண்ணப்பம் போடுங்கள், காத்திருப்போர் நிறையப் பேர் என்றார்கள். அவசரம் என்றால் நகரத்தில் வீடற்றோருக்கான தங்குமிடம் இருக்கிறது என்று ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார். இரண்டு பிள்ளைகளையும் இன்சுலின் போடும் கிழவியையும் கூட்டிக்கொண்டு அங்கே போக எனக்கு மனம் வரவில்லை. இப்போதைக்கு என் தோழி வீட்டு மேல்மாடியில் ஒரு அறையில் இருக்கிறோம். நாத்தனார் குடும்பம் ராவாங்கில்.

ஒரு கேள்வி. இபிஎஃப்பில் (ஊழியர் சேமநிதியில்) மூன்றாவது கணக்கில் கொஞ்சம் இருக்கிறது. அதை எடுத்து ஒரு பிளாட்டுக்கு டெபாசிட் கட்டிவிடட்டுமா? அப்படிச் செய்தால் “உங்களுக்குத்தான் வீடு இருக்கிறதே” என்று பிபிஆர் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்களா?

மணியம், ஸ்ரீ மூடா:

உங்கள் மாமியாருக்கு என் வணக்கம்.

மூன்றாவது கணக்குப் பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், காரணம் சொல்ல வேண்டாம், 2024 மே மாதத்தில் இருந்து அப்படித்தான். எடுங்கள், ஆனால் முழுவதையும் எடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு முன்பணம் கேட்கிற பிளாட்டை விட்டுவிட்டு, மாத வாடகை அறையாகப் பாருங்கள்.

பிபிஆர் பாரத்தில் கேட்பது சொந்த வீடு இருக்கிறதா, வருமானம் எவ்வளவு, கோலாலம்பூரில் இருக்கிறீர்களா வேலை செய்கிறீர்களா என்பதுதான். வாடகைக்கு இருப்பதால் தள்ள மாட்டார்கள். ஆனால் ஐசி முகவரி சுங்கை சிப்புட்டாகவே இருந்தால் முதல் சல்லடையிலேயே நின்றுவிடலாம். தோழி சம்மதித்தால் இந்த வாரமே அவர் வீட்டு முகவரிக்கு மாற்றிவிடுங்கள். பாரத்தோடு மண்டபப் பட்டியலின் அந்தப் படத்தையும், சாய்ந்த சுவர் படத்தையும், சாந்தி சொன்ன கோடு தெரிகிற படத்தையும் சேர்த்துக் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரை போட்ட நகல் ஒன்று கேளுங்கள். தரமாட்டேன் என்றால் கவுண்டரை விட்டு நகராமல் நில்லுங்கள், பின்னால் வரிசை நீண்டதும் தந்துவிடுவார்கள்.

கணவர் எப்போது வருகிறார்? சம்பளச் சீட்டு இருவருடையதும் கேட்பார்கள், மூன்று மாதத்துக்கு. அவரை அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிடுங்கள்.